இழந்த நண்பனைப் பற்றி எழுதிய நாவலை அச்சேற்றுவது எப்படி: மலேசியத் தோட்டப்புறத்து இளம் எழுத்தாளர்களுக்கு

உங்கள் கூட்டத்தில் ஒருவர் இறந்துவிட்டார். மிச்சமிருந்தவர்கள் ஒன்றாகக் கிளம்பி எங்கேயோ போனீர்கள், அல்லது போக நினைத்தீர்கள். அதை நாவலாக எழுதி முடித்திருக்கிறீர்கள். இப்போது அது ஒரு நோட்டுப் புத்தகத்திலோ கைப்பேசியிலோ கிடக்கிறது. அதைப் புத்தகமாக்க என்ன செய்ய வேண்டும் என்று பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஒன்று சொல்வார், ஆசிரியர் ஒன்று சொல்வார், முழுதாகச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். நான் எழுதியது, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் சேர்ந்து வளர்ந்த நான்கு பேர், ஐந்தாமவன் பார்க்க ஆசைப்பட்ட பினாங்குக்கு அவன் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் போகிற கதை. அதை அச்சேற்ற ஒவ்வொரு தகவலையும் ஒவ்வொரு இடத்தில் அலைந்து பொறுக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். எழுதி முடித்த நாளிலிருந்து புத்தகம் கைக்கு வர ஆறு மாதமாவது ஒதுக்குங்கள். பாதி நேரம் தாள் வேலைக்குப் போகும், பாதி நேரம் மனிதர்களுக்குப் போகும்.

1. முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள்

அச்சகத்துக்கு முன்னால் போக வேண்டிய இடம் இறந்தவரின் வீடு. பெயரை மாற்றிவிட்டேன், ஊரை மாற்றிவிட்டேன், பிறகு எதற்கு என்று நினைக்காதீர்கள். தோட்டப்புறத்தில் யார் கதை என்று எல்லாருக்கும் தெரியும். அந்த அம்மா உங்கள் புத்தகத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் அறிய வேண்டும் என்ற நிலை வரக்கூடாது.

எப்போது போவது என்பதும் முக்கியம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு போகாதீர்கள். வருஷத் திதி நெருங்கும் மாதத்தையும் தவிருங்கள். தீபாவளிக்கு முந்திய வாரங்களும் அந்த வீட்டுக்குக் கனமானவை. ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை, பசியாறிய பிறகு, கூட்டத்தில் இன்னொரு நண்பரையும் அழைத்துக்கொண்டு போங்கள். கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். பிள்ளையின் சாவு எழுதப்பட்ட தாள்களோடு ஒரு தாயைத் தனியாக விடக்கூடாது. என்னென்ன எழுதியிருக்கிறீர்கள் என்று வாயால் சொல்லுங்கள். அவர்கள் கேட்டால் சில பகுதிகளை உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொல்கிற பகுதி நீங்கள் மிகவும் நேசித்து எழுதியதாகவே இருக்கலாம். எடுத்துவிடுங்கள்.

சம்மதம் கிடைத்தால் ஒரு பக்கக் கடிதமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெற்றோரின் பெயர், அடையாள அட்டை எண், தேதி, நாவலின் தலைப்பு, எதற்குச் சம்மதம் என்ற ஒரு வரி, கையொப்பம் இருந்தால் போதும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அவர்களிடம் கொடுங்கள். கீழே உள்ளவற்றுக்குத் தனித்தனியாகக் கேளுங்கள்:

இறந்தவர் எழுதிய கடிதம், கவிதை, வாட்ஸ்அப் செய்தி: இவற்றின் பதிப்புரிமை எழுதியவருடையது, அவருக்குப் பின் வாரிசுகளுடையது. உங்களுக்கு அனுப்பியதாலேயே அவை உங்கள் சொத்து ஆகிவிடாது.

புகைப்படம்: படத்தில் இருப்பவரின் குடும்பத்திடம் கேட்பதோடு, படமெடுத்தவரிடமும் கேட்க வேண்டும். படமெடுத்தவரைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உயிரோடு இருக்கும் நண்பர்கள்: ஒவ்வொருவரும் தன்னைப் பற்றிய பகுதியைப் படிக்கட்டும். யார் அழுதார், யார் குடித்தார், யார் இறுதிச் சடங்குக்கு வரவில்லை என்பதெல்லாம் ஒரு கூட்டத்தையே உடைத்துவிடக்கூடிய விஷயங்கள்.

நாவலில் விபத்து வந்தால் லோரி நிறுவனத்தின் பெயர், மருத்துவமனையின் பெயர், காவல் நிலையத்தின் பெயர் எதையும் உண்மைப் பெயராக வைக்காதீர்கள். இறந்தவர் வழக்குப் போடமாட்டார் என்ற துணிச்சலும் வேண்டாம். குடும்பத்தின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கில் இறந்தவரைப் பற்றி எழுதுவதையும் நம் தண்டனைச் சட்டத்தின் 499-ஆவது பிரிவு அவதூறாக எடுத்துக்கொள்ள இடம் தருகிறது.

2. பயணத்தைக் கிலோமீட்டர் கிலோமீட்டராகச் சரிபாருங்கள்

துக்கத்தை நீங்கள் எப்படி எழுதினாலும் வாசகர் ஏற்றுக்கொள்வார். பாதையைத் தப்பாக எழுதினால், அந்தப் பாதையில் தினமும் வேலைக்குப் போகிறவர் புத்தகத்தை அங்கேயே மூடிவிடுவார். சுங்கை சிப்புட்டிலிருந்து பட்டர்வொர்த் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். பழைய சாலையில் போனால் கோலகங்சார், பாடாங் ரெங்காஸ், புக்கிட் பெராப்பிட் மலையேற்றம், சங்காட் ஜெரிங், பாகான் செராய், பாரிட் புந்தார், நிபோங் திபால் என்று வரிசையாக வரும். தைப்பிங் பக்கம் மழை பெய்யாத நாளே அரிது என்று ஊரே அறியும். உங்கள் பாத்திரங்கள் அங்கே நனையாமல் போனால் அதற்கு ஒரு காரணம் சொல்லுங்கள்.

இளையோர் பயண நாவல்களில் அடிக்கடி தவறிப்போகிற இடங்கள் இவை:

பெர்ரி: 2021 முதல் பினாங்கு பெர்ரியில் கார், வேன் ஏற்றுவதில்லை. நடந்து வருபவர்களும் மோட்டார், சைக்கிள்களும்தான் போகலாம். வேனோடு பெர்ரியில் ஏறி மேல்தளத்தில் நின்று கடலைப் பார்க்கிற காட்சி இருந்தால், கதையை அதற்கு முந்திய வருடத்துக்குத் தள்ளுங்கள்.

கட்டணம்: வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குச் சாலைக் கட்டணம் கிடையாது. பினாங்குப் பாலத்தில் 2019 ஜனவரி 1 முதல் கிடையாது. அதற்கு முந்திய கதையென்றால் அங்கே சில்லறை எடுக்க வேண்டும்.

உரிமம்: மோட்டாருக்கு 16 வயது, காருக்கு 17 வயது. மோட்டாருக்கான பி2 உரிமத்தில் 250 சிசி வரைதான். ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் பெரிய மோட்டாரில் பறப்பதாக எழுதினால், ஊர்ப் பையன்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சாம்பல்: தகனத்துக்கு மறுநாள் எடுத்து மண்கலயத்தில் கட்டித் தருவார்கள். கரைக்கும் உரிமை நம் வழக்கத்தில் தகப்பனுக்கோ அண்ணன் தம்பிக்கோ உரியது. நண்பர்கள் மட்டும் கலயத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதாக எழுதினால், வீட்டார் அதற்கு எப்படி ஒப்புக்கொண்டார்கள் என்ற காட்சி கட்டாயம் தேவை. என்னைக் கேட்டால் நாவலின் மிக வலுவான காட்சி அதுவாகவே இருக்கும்.

தற்கொலை: முயற்சி செய்து பிழைத்தவர் மீது வழக்குப் போட வழிசெய்த, தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. அதற்குப் பிந்திய கதையில் போலீஸ் அந்தப் பிரிவைச் சொல்லி மிரட்டும் காட்சி இருந்தால் எடுத்துவிடுங்கள். எப்படிச் செய்தார் என்ற விவரத்தையும் எழுத வேண்டாம். அதே நிலையில் இருக்கும் ஒரு பிள்ளை உங்கள் புத்தகத்தைத் திறக்கக்கூடும்.

பாட்டு: மோட்டாரிலும் வேனிலும் பிள்ளைகள் சினிமாப் பாட்டுப் பாடாமல் இருக்கமாட்டார்கள். ஆனால் வரிகளை அப்படியே அச்சிட உரிமையாளரின் அனுமதி வேண்டும். என்ன பாட்டு என்று குறிப்பால் உணர்த்தி, பாடுகிற குரலை எழுதுங்கள். அது போதும்.

எழுத்து பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். பினாங்குக்குப் போய்ச் சேர்ந்ததும் எல்லாருடைய துக்கமும் தீர்ந்துவிட்டதாக எழுதாதீர்கள். திரும்பி வந்தால் லயத்துக் கடைசி வீட்டு வாசலில் அவனுடைய மோட்டார் இன்னும் நிற்கும். வழியில் அவர்கள் சிரிக்கட்டும், ரொட்டி சானாய்க்குச் சண்டை போடட்டும், சிரித்ததற்காக ஒருத்தி குற்ற உணர்ச்சியில் தனியாகப் போய் நிற்கட்டும். செத்தவனை நினைத்துக்கொண்டே சிரிக்க முடியும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. இந்த நாவல்கள் தேவைப்படுவது அதற்காகத்தான்.

3. தட்டச்சும் பிழைதிருத்தமும்

யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். கைப்பேசியிலேயே எழுதலாம். தமிழ்த் தட்டச்சுச் செயலிகளான செல்லினமும் முரசு அஞ்சலும் நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கியவை, தாராளமாகப் பயன்படுத்துங்கள். சில அச்சகங்கள் பழைய எழுத்துருவில் கேட்கும். மாற்றும்போது ஸ்ரீ, ஔ, எண்கள் எல்லாம் சிதறும். யூனிகோடு கோப்பை அப்படியே ஏற்கிற அச்சகத்தைத் தேடுங்கள்.

பெரிய பொறி பக்க வடிவமைப்பில் இருக்கிறது. தமிழ் தெரியாத வடிவமைப்பாளர் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் திறக்காமல் ஒட்டினால், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ஒற்றுப் புள்ளி தனியாக மிதக்கும். அவருக்கு அது தெரியாது. அதனால் பிடிஎப் வந்ததும் கணினியில் பார்த்துச் சரி சொல்லாமல், தாளில் அச்சிட்டு முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம்வரை விரல் வைத்துப் படியுங்கள். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரிடமும் கொடுங்கள். உரைநடையில் சந்திப் பிழையை அவர் திருத்தட்டும். உரையாடலில் கைவைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். நம் பேச்சில் 'லா'வும் 'மச்சான்'னும் மலாய்ச் சொல்லும் இருக்கும், இருக்க வேண்டும்.

ஆசிரியர்கள் பெரும்பாலும் காசு கேட்கமாட்டார்கள். அதற்காக வெறுங்கையோடு வாங்காதீர்கள். நன்றிப் பக்கத்தில் பெயரும், முடிந்த தொகை ஓர் உறையிலும் கொடுங்கள். இந்தக் கட்டத்துக்கு இரண்டு மாதம் ஆகும்.

4. பணக் கணக்கு

குறைந்தது மூன்று அச்சகங்களிடம் எழுத்து மூலம் விலை கேளுங்கள். கேட்கும்போது ஐந்தையும் ஒரே மாதிரி சொல்லுங்கள்: அளவு, பக்க எண்ணிக்கை, உள்தாளின் எடை, அட்டை, எத்தனை படிகள். ஒன்று மாறினாலும் விலைகளை ஒப்பிட முடியாது. பக்கங்களை 16-இன் மடங்காக முடித்தால் தாள் வீணாகாது. 203 பக்கம் வந்தால் 208 ஆக்குங்கள், வெற்றுப் பக்கங்களை முன்னும் பின்னும் பிரித்துக்கொள்ளலாம். சில நூறு படிகளுக்கு டிஜிட்டல் அச்சு போதும். ஆயிரத்துக்கு மேல்தான் ஆப்செட் லாபம் தரும். முதல் நாவலுக்கு ஆயிரம் படி அச்சடிக்கச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். விற்காத புத்தகங்கள் உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும்.

கணக்குக்காக ஒரு உதாரணம். 300 படி, படிக்கு 11 வெள்ளி (ரிங்கிட்) என்று விலை வருகிறது என்று வைப்போம். அச்சுக்கு 3,300. வடிவமைப்புக்கும் அட்டை ஓவியத்துக்கும் 1,200 சேர்த்தால் 4,500 வெள்ளி. புத்தக விலை 30 வெள்ளி என்றால் நேரடியாக 150 படி விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். கடையில் கொடுத்தால் கழிவு போகும். 40 விழுக்காடு கழிவென்றால் கையில் வருவது படிக்கு 18 வெள்ளிதான். நூலகம், குடும்பம், நண்பர்கள் என்று இலவசமாகப் போகும் 25 படிகளையும் தொடக்கத்திலேயே கழித்துவிடுங்கள்.

முன்பணமாகப் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். மாதிரிப் படி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே மொத்த அச்சுக்குச் சரி சொல்லுங்கள். உங்களிடமே பணம் வாங்கிக்கொண்டு, எல்லா உரிமையும் எங்களுக்கே என்று ஒப்பந்தத்தில் எழுதுகிற பதிப்பகமும் உண்டு. அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

5. ஐஎஸ்பிஎன்: இலவசம், ஆனால் முன்கூட்டியே

ஒவ்வொரு நூலையும் அடையாளம் காட்டும் இந்தப் பன்னாட்டு எண்ணைக் கோலாலம்பூர், ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகம் தருகிறது. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், பயணம் தேவையில்லை. கட்டணமும் இல்லை. வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவர் அவருடைய வேலைக்குத்தான் கேட்கிறார், எண்ணுக்கு அல்ல. பதிப்பகம் இல்லாத தனிநபரும் ஆசிரியரே பதிப்பாளர் என்று விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டைப் பிரதி, தலைப்புப் பக்கம், பதிப்புரிமைப் பக்கம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். 13 இலக்க எண் 978-967, 978-983 அல்லது 978-629 என்று தொடங்கும். மின்னூலும் போடுவதாக இருந்தால் அதற்குத் தனி எண்.

அட்டை வடிவமைப்பு முடியுமுன் விண்ணப்பியுங்கள். பட்டைக்குறி பின்னட்டையில் வர வேண்டும். இரண்டு வாரம் கூடுதலாக ஒதுக்கிவைத்தால் நிம்மதி. ரோமன் எழுத்தில் உங்கள் பெயரையும் தலைப்பையும் எப்படி எழுதுகிறீர்களோ, எல்லாப் படிவத்திலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும்.

பதிப்புரிமைப் பக்கத்தில் அச்சகத்தின் பெயரும் முகவரியும், பதிப்பாளரின் பெயரும் முகவரியும் கட்டாயம். 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் அதைக் கேட்கிறது. நாவலுக்கு முன் அனுமதி தேவையில்லை. ஆனால் வெளிவந்த புத்தகத்தைத் தடைசெய்ய உள்துறை அமைச்சுக்கு அதே சட்டத்தில் அதிகாரம் உண்டு. 2020-இல் ஒரு மலேசியத் தமிழ் நாவல் தடைசெய்யப்பட்டது. வீட்டு முகவரி அச்சில் வருவது பிடிக்காத பெண்கள் தபால் நிலையத்தில் பெட்டி எண் எடுத்துக்கொள்ளுங்கள்.

சொந்தமாக ஒரு பதிப்பகப் பெயர் வைத்துத் தொடர்ந்து விற்கப்போகிறீர்கள் என்றால் மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிவு செய்ய வேண்டும். வணிகப் பெயரில் ஆண்டுக்கு 60 வெள்ளி, உங்கள் சொந்தப் பெயரிலேயே என்றால் 30 வெள்ளி.

6. பதிப்புரிமை

எழுதி வைத்த கணமே உரிமை உங்களுடையது. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவு கேட்பதில்லை. உங்கள் வாழ்நாளும் அதன் பிறகு 50 ஆண்டும் அது நீடிக்கும். சான்று வேண்டுமென்றால் மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகமான மைஐபிஓவில் தன்னார்வ அறிவிப்புச் செய்யலாம், அல்லது சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் பிரமாணப் பத்திரம் கொடுத்து வைக்கலாம். நண்பர்கள் சேர்ந்து எழுதியிருந்தால் யார் பங்கு எவ்வளவு என்று இப்போதே எழுதுங்கள். புத்தகம் விற்றபின் அந்தப் பேச்சை எடுப்பது கசப்பு.

7. வெளியீட்டு விழா

மண்டபத்துக்குக் கோயில் மண்டபமோ தமிழ்ப்பள்ளி மண்டபமோ கிடைக்கும். பள்ளி என்றால் தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுத்து, மாவட்டக் கல்வி அலுவலகத்தின் ஒப்புதல் தேவையா என்று அப்போதே கேளுங்கள். சுங்கை சிப்புட்டுக்கு அது கோலகங்சார் மாவட்டம். ஒரு மாதமாவது முன்பே கொடுங்கள்.

தேதியைச் சம்பளத்தோடு பொருத்துங்கள். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் ஊதியம் தர வேண்டும் என்பது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். எனவே மாதத்தில் ஏழாம் தேதிக்குப் பிந்திய முதல் ஞாயிறு நல்ல நாள். தைப்பூசம், தீபாவளி, ஊர்க்கோயில் திருவிழா, எஸ்பிஎம் வாரங்கள் வேண்டாம்.

முதல் நூலைப் பெரிய தொகை கொடுத்து வாங்குபவர் யார் என்பதில்தான் நம் விழாக்கள் சுற்றும். அச்சுக்கடன் அடைய அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் இது ஒரு பிள்ளையின் சாவைச் சுமந்து வந்த புத்தகம். முதல் படியை அவனுடைய வீட்டுக்கு விழாவுக்கு முந்தைய நாளே கொடுத்துவிடுங்கள். பெற்றோரை மேடைக்கு அழைப்பதாக இருந்தால் முன்கூட்டியே கேளுங்கள், கடைசி நிமிடத்தில் ஒலிபெருக்கியில் கூப்பிடாதீர்கள். அவனுடைய படத்தை மாலையோடு வைக்கலாமா வேண்டாமா என்பதும் அவர்கள் முடிவு. வரும் ஒய்பிக்கு, அதாவது சட்டமன்ற அல்லது நாடாளுமன்ற உறுப்பினருக்கு, பேச நேரம் எவ்வளவு என்று அழைப்பிதழிலேயே போடுங்கள். நண்பர்களில் ஒருவர் நாவலிலிருந்து இரண்டு பக்கம் வாசிக்கட்டும். பத்து உரைகள் செய்யாததை அது செய்யும்.

8. கடைசிப் பக்கத்தில் இந்த எண்கள்

இந்த மாதிரி நாவலைப் படித்தவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். தம்பியை இழந்தவர், தோழியை இழந்தவர், இரவு பதினொரு மணிக்கு அழைத்து அழுவார்கள். கேளுங்கள். ஆனால் எல்லாவற்றையும் உங்களால் தாங்க முடியாது. அதனால் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்கும் பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூரின் 24 மணி நேர எண்ணையும் (03-7627 2929), மனநல உதவிக்கான சுகாதார அமைச்சின் ஹீல் எண்ணையும் (15555) அச்சிடுங்கள். அச்சுக்கு அனுப்புமுன் இரண்டையும் நீங்களே ஒருமுறை அழைத்துச் சரிபாருங்கள்.

9. வெளிவந்த ஒரு மாதத்துக்குள்

1986-ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி ஐந்து படிகளை உங்கள் செலவில் தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். வெளிவந்த நாளிலிருந்து ஒரு மாதம்தான் கெடு. விழாவில் விற்றுத் தீர்ந்துவிட்டது என்று மகிழும்போது இந்த ஐந்து படி இல்லாமல் போகும். அச்சகத்திலிருந்து கட்டு வந்த அன்றே தனியாக எடுத்துக் கட்டி, மேலே எழுதி வையுங்கள். அனுப்பிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மிச்சப் படிகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தரையிலிருந்து உயரத்தில் அடுக்குங்கள். பலகை வீடு என்றால் கரையான் ஒரு மாதத்தில் பாதியைத் தின்றுவிடும். தீர்ந்தபின் ஒரு எழுத்தும் மாற்றாமல் மறுபடி அச்சிட்டால் பழைய ஐஎஸ்பிஎன்னே போதும். திருத்தியோ அத்தியாயம் சேர்த்தோ புதிய பதிப்பாகக் கொண்டுவந்தால் புதிய எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும், மறுபடி ஐந்து படி அனுப்ப வேண்டும்.